திங்களன்று பூட்டு, ஞாயிறன்று ஒரு யூரோ: மியூனிக் அருங்காட்சியகங்கள் பற்றி வாசகர் கேள்வி பதில்

ஜெர்மனியில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களும் அங்கேயே குடியிருப்பவர்களும் மியூனிக் நகரத்து அருங்காட்சியகங்களைப் பற்றிக் கேட்டவற்றில் சில இங்கே. கட்டணமும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வீட்டைவிட்டுக் கிளம்புமுன் அந்தந்த இடத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மகனுக்கு லீவு கிடைத்தது ஒரு திங்கட்கிழமை. ஓவியக் கூடத்துக்குப் போனால் கதவு சாத்தியிருந்தது, அரண்மனை மட்டும் திறந்திருந்தது. இதற்கு ஏதாவது கணக்கு உண்டா? (வாசகி, திருச்சி)

உண்டு. அந்த இடத்தை யார் நடத்துகிறார்கள் என்பதுதான் கணக்கு. இதைப் பிடித்துக்கொண்டால் மியூனிக்கில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் வகை, பவேரிய மாநில அரசின் அருங்காட்சியகங்கள். ஆல்டே பினகோதெக் (பழைய ஓவியக் கூடம்), பினகோதெக் டேர் மாடர்னே, பிராண்ட்ஹோர்ஸ்ட் (இரண்டும் நவீன கலைக் கூடங்கள்), கிளிப்டோதெக் (பழங்காலச் சிற்பக் கூடம்), எகிப்திய அருங்காட்சியகம், பவேரிய தேசிய அருங்காட்சியகம், ஐந்து கண்டங்கள் அருங்காட்சியகம் எல்லாம் இதில் அடக்கம். இவை திங்களன்று மூடியிருக்கும், ஞாயிறன்று நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்க ஒரு யூரோ. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

இரண்டாவது, மாநகராட்சி நடத்துபவை. லென்பாக்ஹவுஸ், நாஜிக் கால ஆவண மையம் போன்றவை. திங்கள் விடுமுறை இவற்றுக்கும் உண்டு, ஞாயிறு ஒரு யூரோ சலுகை கிடையாது. ஆவண மையத்துக்கு எந்த நாளும் கட்டணமே இல்லை.

மூன்றாவது, பழைய மன்னர்களின் மாளிகைகளைப் பராமரிக்கும் அரண்மனை நிர்வாகம். நகர நடுவே இருக்கும் ரெசிடென்ஸ், அதன் கருவூலமான ஷாட்ஸ்காமர், ஊரின் மேற்கே இருக்கும் நிம்ஃபென்பூர்க் மாளிகை எல்லாம் இவர்கள் வசம். இவை திங்களும் திறந்திருக்கும். ஞாயிறு சலுகை இங்கேயும் இல்லை. நீங்கள் பார்த்தது இதைத்தான்.

இந்த மூன்றிலும் சேராதவை சில. டாய்ச்சஸ் மியூசியம் என்னும் தொழில்நுட்ப அருங்காட்சியகம் வாரம் முழுவதும் உண்டு. நடுநகரில் இருக்கும் குன்ஸ்ட்ஹாலே கண்காட்சிக் கூடமும் அப்படியே. ஹவுஸ் டேர் குன்ஸ்ட் மட்டும் திங்களன்று திறந்து செவ்வாயன்று மூடும். ஆக, மகனுக்குத் திங்கள்தான் லீவு என்றால் ரெசிடென்ஸுக்குப் போங்கள்.

ஞாயிறு ஒரு யூரோ என்று கேள்விப்பட்டோம். அன்றைக்கே நாலைந்து இடம் பார்த்துவிடலாமா? (வாசகர், ஸ்டுட்கார்ட்)

காசுக்குக் கட்டும், காலுக்குக் கட்டாது. ஒரு யூரோ என்பது ஒவ்வொரு வாசலிலும் தனித்தனியாகக் கொடுப்பது. சிறப்புக் கண்காட்சி நடந்தால் அதற்குக் கட்டணம் வேறு. 'ஸோண்டர்ஆஉஸ்ஷ்டெல்லுங்' என்று பலகை இருந்தால் அதுதான். கவுன்டரில் எதற்கு டிக்கெட் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டுக்கும் சேர்த்துக் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஞாயிறன்று பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை நெரிசல். பத்து மணிக்குத் திறக்கும்போதே உள்ளே நுழைவது நல்லது. காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். மூன்றாவது கூடத்தில் பெரும்பாலோர் படத்தைப் பார்ப்பதில்லை, பெஞ்சைத்தான் தேடுகிறார்கள்.

வயதானவர்களை அழைத்துப் போவதென்றால் ஞாயிறைத் தவிர்த்து வாரநாளில் மாலை நேரமாகப் போங்கள். மாநிலக் கூடங்களில் சில, வாரத்தில் ஓரிரு நாள் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். எது எந்த நாள் என்பது கூடத்துக்குக் கூடம் மாறும். ஆறு மணிக்குப் பிறகு கூடமே உங்களுக்கென்று காத்திருப்பது போல இருக்கும்.

ஆல்டே பினகோதெக்கில் எங்களுக்கு இருப்பது இரண்டு மணி நேரம். எதைப் பார்ப்பது, எதை விடுவது? (வாசகர், கோயம்புத்தூர்)

முதலில் வாசல். புல்வெளிப் பக்கமாக, அதாவது தெற்கிலிருந்து வந்தால் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் போகவேண்டும். நுழைவாயில் அங்கேதான். ஆனால் உள்ளே போகுமுன் தெற்குச் சுவரை ஒரு நிமிடம் பாருங்கள். லியோ ஃபான் கிளென்ட்ஸ வடிவமைத்து 1836ல் திறந்த இந்தக் கட்டடத்தின் நடுப்பகுதி இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சில் இடிந்தது. ஓவியங்களை முன்பே வேறிடத்துக்கு மாற்றியிருந்ததால் அவை தப்பின. 1950களில் ஹான்ஸ் டோல்காஸ்ட் என்ற கட்டடக் கலைஞர் இடிந்த இடத்தைப் பழையபடி அலங்காரம் செய்து மறைக்கவில்லை. வெறும் செங்கல்லால் நிரப்பினார். எது பழசு, எது போரின் காயம் என்று தெருவில் நின்றே சொல்லிவிடலாம். உள்ளே ஏறிப்போகும் நீண்ட படிக்கட்டும் அவர் போட்டதுதான்.

படி ஏற முடியாதவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது. நேராக மேல்தளத்துக்குப் போங்கள். நல்ல சரக்கெல்லாம் அங்கே.

அல்பிரெஹ்ட் ட்யூரர் 1500ல் வரைந்த தன்னுருவப் படம் அளவில் சின்னது, உயரம் 67 சென்டிமீட்டர். கண்ணுக்கு நேராக நம்மைப் பார்க்கும் முகம். அந்தக் காலத்தில் இப்படி நேர்முகமாக வரைவது பெரும்பாலும் கிறிஸ்துவுக்கே உரியது. இருபத்தெட்டு வயது ஓவியர் தன்னை அப்படி வைத்துக்கொண்டார் என்பதுதான் இதில் விஷயம். தலைக்கு இருபுறமும் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். இடப்பக்கம் ஆண்டும் அவர் முத்திரையும், வலப்பக்கம் லத்தீன் வாசகமும்.

அவருடைய 'நான்கு அப்போஸ்தலர்கள்' ஆள் உயரத்தைத் தாண்டிய இரண்டு பலகைகள். 1526ல் நியூரம்பர்க் நகரமன்றத்துக்கு அவரே கொடுத்தது. படத்தின் அடியில் உள்ள எழுத்துவரிகளைக் கவனிக்காமல் போகாதீர்கள். அவை புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி லூதர் மொழிபெயர்த்த விவிலிய வசனங்கள். 1627ல் பவேரியாவை ஆண்ட முதலாம் மாக்ஸிமிலியான் இந்தப் படங்களை வாங்கிக்கொண்டார். அவர் கத்தோலிக்கர், வசனங்களோ கத்தோலிக்கருக்கு உறுத்தும்படியானவை. எழுத்துப் பகுதியை மட்டும் அறுத்து நியூரம்பர்க்குக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி ஒட்டியது 1922ல்.

மூன்றாவது, ஆல்ட்டோர்ஃபரின் 'அலெக்சாண்டரின் போர்', 1529. கி.மு. 333ல் இஸ்ஸஸ் என்ற இடத்தில் அலெக்சாண்டரும் பாரசீக மன்னன் டாரியஸும் மோதிய போர். ஒன்றரை மீட்டர் உயரப் பலகையில் எண்ண முடியாத அளவுக்கு வீரர்கள். இங்கே பெரும்பாலோர் செய்யும் பிழை, மூக்கை நீட்டிக்கொண்டு கிட்டே போவது. அலாரம் அடிக்கும், காவலர் வருவார். கைக்கு அடக்கமான பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள், யாரும் தடுப்பதில்லை. முதலில் நாலு எட்டுத் தள்ளி நின்று வானத்தைப் பாருங்கள்: ஒரு மூலையில் பிறை நிலா, எதிர் மூலையில் அடிவானச் சூரியன், நடுவே தொங்கும் எழுத்துப் பலகை. அதற்குக் கீழே கடல், சைப்ரஸ் தீவு, தூரத்தில் நைல் நதியின் கிளைகள். வரைபடத்தைத் தெற்கு மேலே வருமாறு திருப்பிவைத்த கோணம் அது. பிறகுதான் போர்க்களத்துக்கு இறங்கவேண்டும். மூன்று குதிரை பூட்டிய தேரில் ஓடும் டாரியஸைக் கண்டுபிடித்தால் அவரைத் துரத்தும் அலெக்சாண்டரும் கிடைத்துவிடுவார்.

நடுவில் இருக்கும் ரூபென்ஸ் கூடத்தில் 'பெரிய இறுதித் தீர்ப்பு' ஆறு மீட்டர் உயரம். இந்தப் படம் கொள்ளவேண்டும் என்பதற்காகவே அந்த மண்டபத்தின் அளவை வகுத்தார்கள். எதிர்ச்சுவர்ப் பக்கம் உட்கார்ந்து பாருங்கள்.

இதற்கே ஒன்றரை மணி ஆகிவிடும். மிச்சமிருக்கும் நேரத்துக்கு லியொனார்டோ டா வின்சியின் இளமைக்காலப் படமான 'கார்னேஷன் மடோனா' போதும். பிரெஞ்சு, ஸ்பானிய அறைகளை இந்தத் தடவை விட்டுவிடலாம்.

படம் எடுக்கலாமா? பையை எங்கே வைப்பது? (வாசகி, ஃபிராங்க்ஃபர்ட்)

ஃபிளாஷ், முக்காலி, செல்ஃபிக் குச்சி மூன்றும் இல்லாமல் நிரந்தரச் சேகரிப்பைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். குறுக்குக்கோடு போட்ட கேமரா படம் சுவரில் இருந்தால் அந்த அறையில் கூடாது. சிறப்புக் கண்காட்சிகளில் இப்படி அடிக்கடி வரும், கடன் கொடுத்தவர்கள் போடும் நிபந்தனை அது.

ஏ4 தாளைவிடப் பெரிய பை, முதுகுப்பை, நீளக்குடை எதையும் உள்ளே விடமாட்டார்கள். முதுகுப்பையைக் கையில் பிடித்துக்கொள்கிறேன் என்றாலும் வேண்டாம் என்பார்கள். திரும்பும்போது பின்னால் இருப்பது படத்தில் இடிக்கும் என்ற பயம். பூட்டுப்பெட்டிகளில் பலவற்றுக்கு ஒரு யூரோ அல்லது இரண்டு யூரோ நாணயம் வேண்டும். திரும்ப எடுக்கும்போது நாணயம் கிடைத்துவிடும். எல்லாவற்றையும் கார்டில் கட்டிப் பழகியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பர்ஸில் இரண்டு நாணயம் எப்போதும் இருக்கட்டும். பெரிய சூட்கேஸ் இந்தப் பெட்டிகளில் நுழையாது, ரயில் நிலைய லாக்கரிலேயே போட்டுவிட்டு வாருங்கள்.

தண்ணீர் பாட்டிலும் பெட்டிக்குள்தான். 1988ல் இதே ஆல்டே பினகோதெக்கில் ஒருவன் ட்யூரரின் மூன்று படங்கள்மேல் அமிலம் ஊற்றினான். அதை நினைத்தால் காவலர்மேல் கோபம் வராது.

பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் நோயே பினகோதெக், ஷ்டாட்மியூசியம் இரண்டும் 'கட்டாயம் பார்க்க' என்று இருக்கிறது. (வாசகர், சிங்கப்பூர்)

இரண்டும் புதுப்பிப்புப் பணிக்காக மூடியிருக்கின்றன. நோயே பினகோதெக் 2018 கடைசியிலிருந்து மூடல், இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் திறந்தால் அதிர்ஷ்டம். நகர அருங்காட்சியகமான ஷ்டாட்மியூசியம் 2024 ஜனவரியில் மூடியது, மறுபடி திறக்க 2031 என்று சொல்லியிருக்கிறார்கள். நோயே பினகோதெக்கின் 19ஆம் நூற்றாண்டுப் படங்களில் தேர்ந்தெடுத்தவற்றை ஆல்டே பினகோதெக்கின் தரைத்தளத்திலும் ஷாக் சேகரிப்பு என்னும் இன்னொரு ஓவியக் கூடத்திலும் மாட்டியிருக்கிறார்கள். வான் கோவின் 'சூரியகாந்தி' போன்ற ஒற்றைப் படத்துக்காகவே வருவதென்றால், அது அன்றைக்குச் சுவரில் இருக்கிறதா, வெளியூருக்கு இரவல் போயிருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே முப்பது வருஷமாக இருக்கிறோம். இலங்கையிலிருந்து போன பழைய பொருள் ஏதும் மியூனிக்கில் இருக்கிறதா? (வாசகர், டோர்ட்முண்ட்)

இருக்கிறது, அதுவும் உலகத்தில் அபூர்வமான ஒன்று. ரெசிடென்ஸ் கருவூலத்துக்குப் போங்கள். கிரீடங்களையும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வைரம் பதித்த புனித ஜார்ஜ் சிலையையும் பார்த்துவிட்டுக் கூட்டம் திரும்பிவிடும். நீங்கள் திரும்பாமல் ஐரோப்பாவுக்கு வெளியே செய்த பொருள்கள் இருக்கும் பகுதியைக் கேட்டுப் போங்கள். தந்தத்தில் செதுக்கி, தங்கமும் மாணிக்கமும் நீலமும் பதித்த இரண்டு பேழைகள் அங்கே இருக்கின்றன. கோட்டே இராச்சியத்தில் 16ஆம் நூற்றாண்டில் செய்தவை.

அவற்றில் ஒன்றுக்குப் பின்னால் அரசியல் இருக்கிறது. கோட்டே மன்னர் ஏழாம் புவனேகபாகுவுக்கு ஆண் வாரிசு இல்லை, மகள் வயிற்றுப் பேரன் தர்மபாலவை அரசனாக்க நினைத்தார். தம்பி மாயாதுன்னை சீதாவாக்கையிலிருந்து நெருக்கிக்கொண்டிருந்தார். எனவே 1540களின் தொடக்கத்தில் பேரனின் பொன்னுருவம் ஒன்றைத் தூதுவர் கையில் கொடுத்து லிஸ்பனுக்கு அனுப்பினார். போர்த்துக்கல் மன்னர் மூன்றாம் ஜொவாவ் அந்தப் பொம்மையின் தலையில் முடி சூட்டினார். அந்தக் காட்சியைத்தான் பேழையில் செதுக்கியிருக்கிறார்கள். ஐரோப்பிய உடையில் ஒரு மன்னர், கீழை உடையில் தூதுவர், இரண்டும் ஒரே தந்தப் பலகையில். வந்த வேகத்தில் கண்ணாடிப் பெட்டியைக் கடந்துவிடாமல் ஒவ்வொரு பக்கமாகச் சுற்றிப் பாருங்கள்.

தர்மபால பிறகு ஞானஸ்நானம் பெற்றார். 1580ல் தன் இராச்சியத்தையே போர்த்துக்கல் மன்னருக்கு எழுதிக்கொடுத்தார். பேழைகளோ 16ஆம் நூற்றாண்டிலேயே பவேரிய மன்னர் குடும்பத்தின் கைக்கு வந்துவிட்டன.

கருவூலத்துக்கு ஒரு மணி நேரம் போதும். அரண்மனையின் மற்ற அறைகளுக்குத் தனி டிக்கெட், இரண்டையும் சேர்த்து வாங்கினால் குறையும். நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் இருப்பதால் அதற்குத் தனியாக இரண்டரை மணி நேரம் ஒதுக்கவேண்டும். கோடையில் காலை ஒன்பதிலிருந்து ஆறு, குளிர்காலத்தில் பத்திலிருந்து ஐந்து. கடைசி நுழைவு மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். ஒலிவழிகாட்டிக் கருவியை இலவசமாகவே தருவார்கள்.

கிளிப்டோதெக்கில் கிரேக்கச் சிலைகள் கை கால் இல்லாமல் நிற்கின்றன. சரிசெய்து வைக்கக்கூடாதா? (வாசகி, மதுரை)

சரிசெய்துதான் வைத்திருந்தார்கள், பிறகு கழற்றினார்கள். ஏஜினா தீவுக் கோயில் முகப்புச் சிலைகள் 1811ல் கிடைத்தன. அடுத்த ஆண்டு பட்டத்து இளவரசர் லுட்விக் அவற்றை வாங்கினார். டென்மார்க் சிற்பி தோர்வால்ட்ஸன் உடைந்த இடங்களுக்குப் புதிய பளிங்கு உறுப்புகள் செய்து பொருத்தினார். ஒட்டுவதற்கு வசதியாகப் பழைய உடைவுப் பரப்பைச் சில இடங்களில் செதுக்கிச் சமனாக்கவும் செய்தார்கள். 1960களில் அந்தச் சேர்க்கைகளை நீக்கிவிட்டு, கிடைத்ததை மட்டும் நிறுத்தினார்கள். என் கணக்கில் அதுவே சரி. இல்லாத கையை ஊகித்துச் செய்தால் சிலையின் அர்த்தமே மாறிவிடும்.

இன்னொன்று: இவை வெள்ளைச் சிலைகள் அல்ல. நம் கோபுரத்துச் சுதைகளைப் போல நீலமும் சிவப்பும் மஞ்சளும் பூசியிருந்தன. மிஞ்சிய நிறத்துகளையும் மழை அரித்த தடங்களையும் வைத்து வண்ண மறுவடிவங்கள் செய்து 2003ல் இங்கேயே கண்காட்சி வைத்தார்கள்.

லென்பாக்ஹவுஸில் நீலக் குதிரைப் படம் பார்த்தோம். மற்றவை ஒன்றும் புரியவில்லை. (வாசகர், சேலம்)

பார்க்கும் வரிசையை மாற்றுங்கள், பாதி புரிந்துவிடும். கண்டின்ஸ்கியின் உருவமற்ற படங்களில் தொடங்காதீர்கள். 1908, 1909ல் அவரும் கப்ரியேலே முன்டரும் முர்னாவ் என்ற சிற்றூரில் வரைந்த படங்களில் தொடங்குங்கள். வீடு வீடாகவும் மலை மலையாகவும் இருக்கும், நிறம் மட்டும் துணிந்திருக்கும். ஆண்டுகளைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தால், அதே மலை கோடாகி, அதே தேவாலயம் ஒரு நிறத்திட்டாகிக் கரைவது தெரியும். ஃபிரான்ஸ் மார்க்கின் நீலக் குதிரை 1911. அந்த ஆண்டு டிசம்பரில்தான் 'நீலக் குதிரைவீரன்' குழு மியூனிக்கில் முதல் கண்காட்சி வைத்தது. 1914ல் முதல் உலகப்போர் வந்ததும் ரஷ்யரான கண்டின்ஸ்கி ஜெர்மனியை விட்டுப் போகவேண்டியதாயிற்று. மார்க் 1916ல் வெர்டூன் போர்முனையில் இறந்தார்.

இந்தப் படங்கள் இங்கே இருப்பதற்குக் காரணம் முன்டர். நாஜிகள் இவ்வகைக் கலையை 'சீரழிந்த கலை' என்று ஏலம்விட்டும் அழித்தும் தீர்த்த காலத்தில், முர்னாவ் வீட்டின் அடித்தளத்தில் ஒளித்துவைத்திருந்தார். 1957ல் தம் எண்பதாவது பிறந்தநாளையொட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை நகரத்துக்கு எழுதிவைத்தார். அவருடைய சொந்தப் படங்களின் முன்னும் சற்று நில்லுங்கள்.

பத்து வயதும் பதினாலு வயதும் உள்ள பிள்ளைகளுக்கு நாஜி வரலாற்றை எங்கே காட்டலாம்? டாக்காவ் போகலாமா? (வாசகி, மியூனிக்)

பெரியவரை டாக்காவுக்கு அழைத்துப் போகலாம், சின்னவரை வேண்டாம். பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே நினைவிடம் பரிந்துரைக்கிறது. 1933 மார்ச்சில் திறந்த முதல் நாஜி வதைமுகாம்களில் ஒன்று இது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை அடைத்துவைத்தார்கள், 41,500 பேர் செத்தார்கள். தகன அறையும் படங்களும் பத்து வயதுக்குத் தாங்காது.

போகும் வழி எளிது. எஸ்2 ரயிலில் டாக்காவ் நிலையம், அங்கிருந்து 726 எண் பேருந்து. கட்டணம் இல்லை. டிக்கெட் எடுக்கும்போது எம்-1 மண்டலம் என்று எடுங்கள். நகருக்கு மட்டுமான எம் மண்டல டிக்கெட் டாக்காவுக்குச் செல்லாது, பரிசோதகர் பிடித்தால் அபராதம் 60 யூரோ. மூன்று மணி நேரமாவது வேண்டும். முகாம் பெரும்பாலும் திறந்தவெளி, மழைக்கோட்டும் நல்ல செருப்பும் தேவை.

சின்னவருக்குக் கோனிக்ஸ்பிளாட்ஸ் சதுக்கமே போதும். நாஜிகள் அணிவகுப்புக்காகக் கல் பாவிய இடம் அது. அருகில் இருக்கும் இன்றைய இசைக் கல்லூரிக் கட்டடத்தில்தான் 1938ல், செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் ஒப்பந்தம் கையெழுத்தானது. கட்சித் தலைமையகம் நின்ற இடத்தில் 2015ல் திறந்த வெள்ளைக் கனசதுரக் கட்டடம்தான் ஆவண மையம். வெளியே நின்று இவற்றைக் காட்டிப் பேசிவிட்டு, கேள்வி கேட்கிறாரா என்று பார்த்து உள்ளே போங்கள்.

குடும்பமாக ஐந்து பேர். போக்குவரத்துக்கு எந்த டிக்கெட்? சாப்பாடு? (வாசகர், நியூரம்பர்க்)

குழு நாள் டிக்கெட் எடுங்கள். ஐந்து பெரியவர் வரை ஒரே டிக்கெட், ஆறிலிருந்து பதினாலு வயதுப் பிள்ளைகள் இருவர் ஒருவராகக் கணக்கு. இயந்திரத்தில் வாங்கிய காகித டிக்கெட்டில் நேரமுத்திரை இல்லையென்றால் நடைமேடைக்கு இறங்குமுன் நீலப் பெட்டியில் செருகி முத்திரை குத்தவேண்டும். வாங்கினால் போதும் என்று நினைத்து அபராதம் கட்டியவர்கள் ஏராளம். லென்பாக்ஹவுஸுக்கும் கிளிப்டோதெக்குக்கும் யூ2 ரயிலில் கோனிக்ஸ்பிளாட்ஸ், பினகோதெக்குகளுக்கு அடுத்த நிறுத்தமான தெரேசியன்ஷ்ட்ராஸ, ரெசிடென்ஸுக்கு ஓடியன்ஸ்பிளாட்ஸ்.

கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை ஆல்டே பினகோதெக் புல்வெளியில் வைத்துச் சாப்பிடலாம், மாணவர்கள் பாதிப்பேர் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். மழை பெய்தால் அருங்காட்சியகக் காபிக்கடை. கிளிப்டோதெக்கின் உள்முற்றத்துக் கடை நன்றாக இருக்கும், ஆனால் சூடான சாப்பாட்டை எதிர்பார்க்காதீர்கள். கேக்கும் காபியும்தான்.